பியேர் செரெசோல்: சரித்திரச் சுருக்கம்

விடுமுறை நாட்களில் மண்வெட்டியும் கூடையும் தாங்கிக் கிராமங்களுக்குச் சென்று, பாதை செப்பனிடுதலும் குளந்தூர் வாருதலும் ஏழைகளுக்குக் குடிசை எழுப்புதலும் நம் கல்லூரி மாணவர்க்குப் புதிய செய்தியல்ல. ஒரு தேசத்தார் மற்றொரு தேசத்திற்குச் சென்று, ஊதியம் வேண்டாது, முன்பின் அறியாத குடும்பங்களுக்கு வீடு கட்டிக் கொடுக்கும் வழக்கமும் இன்று உலகெங்கும் பரவியிருக்கின்றது. ஆயினும் இதனை ஓர் ஒழுங்கான இயக்கமாக்கிய பெரியார் யாவர் என வினவினால் விடை கூறுவோர் சிலரே. அவர் ஸ்விட்ஸர்லாந்து தேசத்தவர். பெயர் பியேர் செரெசோல். நம் பாரத நாட்டின் மண்ணையும் தம் கையால் வெட்டியவராதலின், அவர் சரித்திரம் நமக்கு முற்றும் அயலானதன்று.

இவர் 1879-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 17-ஆம் நாள் லொசான் நகரிலே பிறந்தனர். தந்தையார் பவுல் செரெசோல் சாமானிய மனிதரல்லர். நியாயாதிபதியாகவும் சேனைத் தலைவராகவும் விளங்கியதோடு, 1873-இல் ஸ்விஸ் ஐக்கிய நாட்டின் அக்கிராசனாதிபதி பதவியும் வகித்தவர். பல பிள்ளைகள் நிறைந்த அக்குடும்பத்திலே பியேர் இளையவருள் ஒருவர். தாயாரைச் சிறு வயதிலேயே இழந்தனர். பதினேழாம் வயதில் ஊருக்கு அருகேயுள்ள காட்டில் தனித்து உலாவுங்கால், சத்தியத்திற்கே தம்மை ஒப்புக்கொடுக்க வேண்டுமென்ற உணர்ச்சி உள்ளத்தில் எழுந்ததாகவும், அதனைத் தம் வாழ்நாள் முழுதும் மறவாதிருந்ததாகவும் அவர் சரித்திரம் எழுதினோர் கூறுவர். இளமைக் காலத்து இத்தகைய உறுதிகள் பெரும்பாலும் பரீட்சைக்கு முன்னரே கரைந்துபோவது நாம் அறிந்ததே. இவரிடத்தில் அது கரையவில்லை.

சூரிக் நகரத்துப் பெரிய தொழில்நுட்பக் கலாசாலையில் யந்திர நூல் பயின்று, பின்னர் ஜெர்மனி சென்று கணிதமும் பௌதிக நூலும் ஆராய்ந்து, டாக்டர் பட்டமும் பெற்றனர். பேராசிரியர் பதவியோ பெருந்தொழிற்சாலை உத்தியோகமோ இவருக்கு எளிதில் கிட்டியிருக்கும். ஆனால் இவரோ முப்பதாம் வயதை ஒட்டி எல்லாவற்றையும் விட்டு அமெரிக்காவிற்குக் கப்பலேறினர். அங்கே கூலிவேலை செய்தும், ஹவாய்த் தீவுகளில் பிரெஞ்சு மொழி கற்பித்தும், ஜப்பானில் என்ஜினீயராக இருந்தும் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் கழித்தனர். பெரிய வீட்டுப் பிள்ளை தம் கையுழைப்பால் உண்ணக் கற்றுக்கொண்ட காலம் அது. பிற்காலத்தில் அவர் செய்த வேலைக்கு சூரிக் பட்டத்தினும் இந்த ஐந்து ஆண்டுகளே அதிகம் உதவின என்பது எமது கருத்து.

1914-இல் ஐரோப்பிய மகாயுத்தம் மூண்டது. தாய்நாடு திரும்பிய செரெசோல், தந்தை வழி வந்த சொத்தைத் தமக்கு உரியதன்று என எண்ணி அரசாங்கத்திற்கே கொடுத்துவிட்டனர். ஸ்விட்ஸர்லாந்து போரிற் கலவாத நாடெனினும், ஆண்மக்கள் யாவரும் இராணுவப் பயிற்சிக்குக் கடமைப்பட்டவர்கள்; சேனையிற் சேவியாதார் அதற்கு ஈடாக ஒரு வரி செலுத்துதல் வேண்டும். 1915-இல் போத்ரா என்னும் பள்ளி ஆசிரியர் ஒருவர், கிறிஸ்துவின் போதனைக்கு மாறானதென்று ஆயுதம் ஏந்த மறுத்துச் சிறை புகுந்தனர். இச்செய்தி செரெசோலின் நெஞ்சைத் தைத்தது. தாமோ வயது முதிர்ந்தவர், கல்வி மிகுந்தவர், செல்வாக்குள்ள குடியிற் பிறந்தவர். ஓர் எளிய உபாத்தியாயர் செய்த காரியத்தைத் தாம் செய்யாதிருப்பதெங்ஙனம்? இராணுவ வரி செலுத்த மறுத்தனர். சிறைத் தண்டனை கிடைத்தது. மறு ஆண்டுகளிலும் மறுத்தனர், மறுபடியும் சிறை. நாட்டின் தலைவராயிருந்தவர் மகன் சிறிய வரித்தொகை ஒன்றிற்காகச் சிறைக்கூடத்திற்குப் போய்வருவது உறவினருக்கு எத்துணை மனவருத்தம் தந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

ஈண்டு ஒன்று கவனிக்கற்பாலது. சேனைக்குச் செல்ல மறுப்பவரைப் பார்த்து உலகம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. மற்றவர் பிள்ளைகள் குளிரிலும் சேற்றிலும் கிடந்து உழைக்க, நீ மட்டும் வீட்டிலிருந்து தத்துவம் பேசுவது நியாயமோ என்பதே அது. அக்கேள்வி நேர்மையானதென்பதைச் செரெசோல் ஒப்புக்கொண்டனர். இராணுவ வீரன் அடையும் களைப்பும் கட்டுப்பாடும் ஆபத்தும் குறையாத வேறொரு சேவையைக் கண்டாலன்றி, மறுப்பு வெறும் சொல்லாகவே நின்றுவிடும் என அவர் உணர்ந்தனர்.

யுத்தம் ஓய்ந்தபின், பகை நாட்டுக் கிறிஸ்தவர்களை மீண்டும் ஒன்றுசேர்க்கும் நோக்கத்துடன் 1919-இல் ஹாலந்து தேசத்துப் பில்தோவன் என்னும் ஊரில் ஒரு மகாநாடு கூடியது. செரெசோல் அவ்வியக்கத்தின் காரியதரிசியாயினர். அடுத்த ஆண்டு அவ்வூரிலேயே மறுமுறை கூடியபொழுது, தீர்மானங்களும் சொற்பொழிவுகளும் பெருகிக்கொண்டிருக்க, ஜெர்மானிய அன்பர் ஒருவர் எழுந்து, தம் நாட்டார் பிரான்சிலே இடித்தவற்றைத் திரும்பக் கட்டும் வேலைக்குச் செல்ல வேண்டுமென்னும் ஆவலைத் தெரிவித்தனர். செரெசோலுக்கு இதுவே போதியதாயிற்று. பாழடைந்த பிரெஞ்சு நாட்டுப் பகுதிகளிலே புனருத்தாரண வேலையில் முன்னரே ஈடுபட்டுப் பழகிய குவேக்கர் சபையினர் ஹியூபர்ட் பாரிஸ் என்னும் ஆங்கிலேயர் துணைநின்றார்.

1920-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், வெர்டூன் போர்க்களத்தை அடுத்த எஸ்ன் என்னும் சிற்றூரிலே அவர்கள் வந்திறங்கினர். 1916-இல் பல மாதங்கள் பீரங்கி இடி ஓயாது விழுந்த நிலம் அது. 304-ஆம் குன்று என்று போர்ச் சரித்திரங்களிற் பேர்பெற்ற மேடு அவ்வூருக்கு அருகேயுள்ளது. வீடென்று சொல்ல வீடில்லை. மரமென்று சொல்ல மரமில்லை. வயலெங்கும் குண்டு விழுந்த பள்ளங்களும், முள்வேலியும், வெடியாது கிடந்த குண்டுகளுமே. ஓடிப்போன குடியானவர் சிலர் திரும்பி வந்து இடிபாடுகளின் நடுவே தங்கியிருந்தனர். குளிர் காலமோ தொடங்கிவிட்டது. ஸ்விஸ், ஆங்கிலேயர், ஹாலந்தர், ஜெர்மானியர் என ஒரு கைப்பிடி மனிதரே தொண்டர். செரெசோலின் தமையனார் எர்னஸ்ட், ஸ்விஸ் சேனையிலே கர்னல் பதவி வகித்தவர், அவரும் வந்து மண்வெட்டி பிடித்தனர். படையை வெறுத்த தம்பியும் படைத்தலைவரான தமையனும் ஒரே கூடாரத்தில் உண்டு உறங்கி உழைத்தனர் என்பது இச்சரித்திரத்திலே எமக்கு மிகவும் பிடித்த செய்தி. தொண்டரது காலந்தவறாமையும் கட்டுப்பாடும் கர்னலுடைய கொடை என்றே சொல்லலாம்.

மரப்பலகையால் தற்காலிக வீடுகள் அமைத்தனர், பள்ளங்களைத் தூர்த்தனர், பாதையைச் செப்பனிட்டனர். கூலி பெறவில்லை. ஆனால் உள்ளூரில் எல்லார் மனமும் இளகியதென்று எண்ணலாகாது. புத்திரரைப் பறிகொடுத்த தாயார் வீட்டு வாயிலில் ஜெர்மானியன் ஒருவன் பலகை அறைந்து நிற்பதை எளிதிற் பொறுக்க முடியுமோ? அதிகாரிகளிலும் பலர் ஜெர்மானியர் அங்கிருப்பதை விரும்பவில்லை. ஜெர்மானியரை விலக்கிவிட்டால் மற்றவர் வேலை தடையின்றி நடந்திருக்கும். ஆனால் அவர்களை விலக்கிவிட்டு நடத்தும் வேலைக்காகச் செரெசோல் வரவில்லை. ஐந்து மாதங்களுக்குப் பின், 1921 ஏப்ரலில், தொண்டர் கலைந்தனர்.

கட்டிய வீடுகளைக் கணக்கிட்டால் முயற்சி தோல்வியே. வீடு முக்கியமோ, வீட்டைக் கட்டும் கைகள் யாருடையவை என்பது முக்கியமோ? கூரையின்றி நடுங்கும் குடும்பத்திற்கு முன்னதே முக்கியம் என்பதில் ஐயமில்லை. செரெசோல் பின்னதை விட்டுக்கொடுக்கவில்லை. அவர் செய்தது சரியென்று நாம் ஒருதலையாய்ச் சொல்லத் துணியோம். எனினும் அவர் அவ்வாறு செய்திராவிடின் பிற்பட்ட வேலைகளுக்கு இடமிருந்திராது.

மூன்றாண்டுகள் வேறு முகாம் நடைபெறவில்லை. இடையிலே, மனச்சாட்சிக்காக ஆயுதம் மறுப்போர்க்கு இராணுவத்திற்கு ஈடான சமாதான சேவை ஒன்றை அரசாங்கமே ஏற்படுத்த வேண்டுமென ஸ்விஸ் நாட்டில் ஏறக்குறைய 40,000 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பம் ஒன்று சேர்க்கப்பட்டது. சட்டசபை அதனைத் தள்ளிவிட்டது. செரெசோல் சட்டசபைக்குக் காத்திராமல் வேலையைத் தொடங்கினர். 1924-இல் பனிச்சரிவினால் அழிவுற்ற வேர்-லெக்லீஸ் என்னும் மலைக்கிராமத்திலே, தமையனார் தலைமையில், தொண்டர் கல்லும் மரமும் அகற்றினர். சர்வதேச சமாதான சேவைச் சங்கம் வேரூன்றியது அங்கேதான். முறிந்த வாளின்மேல் மண்வெட்டி அமைந்த சின்னமும் அவர்களுக்கு உரியதாயிற்று.

1927-இல் ரைன் நதி கரையுடைத்து லீக்டன்ஸ்டைன் என்னும் சிறு நாட்டை மணலாலும் கூழாங்கல்லாலும் மூடியது. அடுத்த ஆண்டு அங்கே இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து 700-க்கு மேற்பட்ட தொண்டர் முறைமுறையாய் வந்து வயல்களை மீட்டனர். சமையலும் துணி வெளுத்தலும் ஏற்ற பெண்டிரைச் சகோதரிகள் என்று அழைத்தனர். ஆடவர் சரித்திரங்களிலே அவர்களுக்கு ஒரு வரிக்குமேல் இடங்கிடைப்பதில்லை. நாமும் அக்குற்றத்தையே செய்கின்றோம். 1930-இல் தென்மேற்குப் பிரான்சிலே வெள்ளத்தால் வீடிழந்த லகார்ட் என்னும் ஊரிலும், 1931-இல் வேலையின்றி வாடிய சுரங்கத் தொழிலாளர் வாழும் வேல்ஸ் நாட்டுப் பிரின்மாரிலும் முகாம்கள் நடந்தன. லகார்டில் ஜெர்மானியர் பிரெஞ்சு மண்ணில் வேலை செய்தபொழுது அவர்களை எவரும் விரட்டவில்லை.

1931 டிசம்பரில் வட்டமேஜை மகாநாட்டிலிருந்து திரும்பிய காந்தியடிகள் ரோமேன் ரோலந்து என்னும் பேரறிஞரைக் காண ஸ்விட்ஸர்லாந்துக்கு எழுந்தருளினார். செரெசோல் அப்பொழுது அவரைச் சந்தித்தனர். மூன்றாண்டுகள் செல்லுமுன் அவ்வறிமுகம் பயன்பட்டது.

1934-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் பிற்பகல், பீஹார் மாகாணமும் நேபாளமும் பூகம்பத்தால் அதிர்ந்தன. 10,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். மாங்கீர், முசாபர்பூர் முதலிய பட்டணங்கள் இடிந்தன. வடபீஹாரிலே நிலம் பிளந்து மணலும் நீரும் பீறிட்டெழுந்து வயல்களை மூடின, கிணறுகள் தூர்ந்தன, நிலம் தாழ்ந்துபோன இடங்களில் மழைக்கால வெள்ளம் வடியாது தேங்கும் நிலைமை ஏற்பட்டது. சிறையிலிருந்து சில நாட்களுக்குள் விடுதலை பெற்ற ராஜேந்திர பிரசாத் நிவாரணச் சங்கம் ஒன்றை அமைத்துப் பெருந்தொண்டாற்றினார்.

செரெசோல் அவ்வாண்டு வசந்த காலத்தில் தனியே வந்து நிலைமையை நேரிற்கண்டு, காந்தியடிகளுடனும் ராஜேந்திர பிரசாதுடனும் கலந்து பேசி, அரசாங்க அதிகாரிகளிடமும் சென்றனர். இரு திறத்தாரும் ஒருவரை ஒருவர் ஐயுற்றிருந்த காலம் அது. ஆண்டின் முடிவிலே ஜோ வில்கின்சன் முதலிய சில தோழருடன் மீண்டும் வந்தனர். பின்னர் பிரேசர் ஹாய்லண்டு என்னும் ஆங்கில ஆசிரியரும் சேர்ந்தனர். 1937 வரை அவ்வேலை நடந்தது. முசாபர்பூர் ஜில்லாவிலே தாழ்ந்த நிலத்துக் கிராமங்களை மேட்டு நிலத்திற்கு மாற்றிப் புதிதாய் அமைப்பதே அவர்கள் ஏற்ற பணி. புதிய ஊர் ஒன்றிற்குச் சாந்திபூர் என்று பெயரிட்டனர்.

இங்கே எஸ்ன் முறை முழுவதும் செல்லவில்லை. நம் நாட்டு வெயிலிலே ஐம்பத்தைந்து வயதுள்ள ஐரோப்பியர் எவ்வளவு மண் வெட்டக்கூடும்? தொழிலாளர் பஞ்சமும் பீஹாரில் இல்லை. வேலையின்றித் தவித்தவரே பலர். ஒரு துரை மண் சுமப்பதால் ஓர் ஏழையின் கூலி குறையுமாயின் அது சேவையாகுமோ? ஆகவே அளவெடுத்தல், திட்டமிடுதல், கணக்கு வைத்தல் முதலியவற்றில் தொண்டர் முக்கியமாய் உழைக்க, வீடுகள் பெரும்பாலும் ஊராரின் கைகளாலேயே எழுந்தன. அக்காலத்திலே வெள்ளைக்காரர் ஆளவோ விற்கவோ போதிக்கவோ வருவதையே நம்மவர் கண்டிருந்தனர். கூடையேந்தி வரிசையில் நிற்க ஒருவர் வந்தது புதுமையே.

1936-இல் செரெசோல் குவேக்கர் சபையிற் சேர்ந்தனர். இரண்டாம் உலக யுத்தம் வந்தபொழுது இவர் அறுபது வயதினர். விளக்கணைக்கும் உத்தரவிற்குக் கீழ்ப்படியாமற் பலமுறை சிறைசென்றனர். ஜெர்மனியிலுள்ளாருடன் நேரிற் பேச வேண்டுமென்று எல்லைகடந்து இருமுறை அந்நாட்டிற் புகுந்து பிடிபட்டனர். இச்செயல்களை நண்பருட் பலரும் ஆதரிக்கவில்லை. வேலி கடந்த கிழவர் ஒருவரால் யுத்தம் நிற்காதென்பது அவருக்கும் தெரிந்திருக்கும். சிறைவாசத்தால் உடல் நலிந்து, யுத்தம் முடிந்த சில மாதங்களுக்குள், 1945 அக்டோபர் 23-ஆம் நாள் லொசானை அடுத்த லூட்ரி ஊரின்கண் உயிர் நீத்தனர். முதிர்ந்த வயதில் அவரை மணந்த மனைவியார் உடனிருந்தனர்.

அவர் வேண்டிய சமாதான சேவைச் சட்டம் ஸ்விட்ஸர்லாந்தில் நடைமுறைக்கு வந்தது 1996-ஆம் ஆண்டிலே. அப்பொழுது அவர் மறைந்து 51 ஆண்டுகள் கழிந்திருந்தன.