அமெரிக்காவில் தோற்றவர், பெங்களூருவை வென்றவர்: அடிமை வணிகத்தைத் தடுத்த காரன்வாலிஸ், அடிமை முறையை விட்டுவைத்தது ஏன்?

பெங்களூரு: கே.ஆர். மார்க்கெட் அருகே, வாகன இரைச்சல் ஓயாத சாலையோரம், பெங்களூரு கோட்டையின் எஞ்சிய பகுதியான டெல்லி வாயில் நிற்கிறது. 1791 மார்ச் 21 அன்று ஆங்கிலேயப் படை மதிலை உடைத்து உள்ளே நுழைந்த இடத்தைக் குறிக்கும் பலகை அதன் சுவரில் பதிக்கப்பட்டுள்ளது. அப்படைக்குத் தலைமை தாங்கியவர் அன்றைய கவர்னர் ஜெனரல் சார்லஸ் காரன்வாலிஸ். பத்து ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்காவின் யார்க்டவுனில் ஜார்ஜ் வாஷிங்டனின் படைகளிடம் சரணடைந்த தளபதியும் இவரே.

பள்ளிப் பாடநூல்களில் நிலையான நிலவரித் திட்டத்துக்காக அறியப்படும் காரன்வாலிஸ், அமெரிக்காவிலும் இந்தியாவிலும் ஆயிரக்கணக்கான அடிமைகளின் விதியைத் தீர்மானிக்கும் இடத்தில் இருந்தவர். அவருடைய வாழ்க்கையில் அதிகம் பேசப்படாத பகுதி இது.

அமெரிக்கப் போரும் அடிமைகளும்

1738 டிசம்பர் 31 அன்று லண்டனில் பிரபுக் குடும்பத்தில் பிறந்த காரன்வாலிஸ், ஈட்டன் பள்ளியில் பயின்று படையில் சேர்ந்தார். அமெரிக்கக் குடியேற்றங்கள் மீது பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு முழு அதிகாரம் உண்டு என அறிவிக்கும் சட்டத்தை 1766-ல் பிரபுக்கள் சபையில் எதிர்த்த மிகச் சிலரில் அவரும் ஒருவர். ஆயினும் போர் மூண்டபோது, 1776-ல் படையுடன் அமெரிக்கா சென்றார். 1780 முதல் தென்பகுதிப் படைகளின் பொறுப்பு அவரிடம் வந்தது.

தென் கரோலினா, வர்ஜீனியா ஆகிய பகுதிகளின் செல்வம் நெல், அவுரி, புகையிலைத் தோட்டங்களில் உழைத்த ஆப்பிரிக்க அடிமைகளால் உருவானது. கிளர்ச்சியாளர்களின் அடிமைகள் தப்பிவந்தால் பாதுகாப்பு அளிக்கப்படும் என்று 1779-ல் பிரிட்டிஷ் தலைமைத் தளபதி ஹென்றி கிளிண்டன் அறிவித்தார். எதிரியின் பொருளாதாரத்தை முடக்குவதே அதன் முதன்மை நோக்கம். ஆனால் அறிவிப்பை நம்பி ஆயிரக்கணக்கானோர் காரன்வாலிஸ் படையின் பின்னே நடந்தனர். அகழி தோண்டினர், சுமை தூக்கினர், உணவு திரட்டினர். அதே வேளையில், கிளர்ச்சியாளர்களிடமிருந்து பறிமுதல் செய்யப்பட்ட தோட்டங்களில் அடிமைகள் விடுவிக்கப்படவில்லை. படைச் செலவுக்காக அவர்களின் உழைப்பு அங்கே தொடர்ந்தது.

1781 இலையுதிர் காலத்தில் யார்க்டவுனில் பிரெஞ்சு, அமெரிக்கப் படைகள் காரன்வாலிஸை முற்றுகையிட்டன. உணவு குறைந்தது, பெரியம்மை பரவியது. அப்போது, தம்மை நம்பிவந்த கறுப்பின மக்களை அவர் படை அரணுக்கு வெளியே அனுப்பினார். நோயாலும் பசியாலும் பலர் காடுகளில் மடிந்தனர். அக்டோபர் 19 அன்று 7,000-க்கும் மேற்பட்ட வீரர்களுடன் அவரது படை சரணடைந்தது. உயிர் பிழைத்த அடிமைகள் தேடிப் பிடிக்கப்பட்டு உரிமையாளர்களிடம் ஒப்படைக்கப்பட்டனர். வாஷிங்டன், தாமஸ் ஜெபர்சன் ஆகியோரின் அடிமைகளும் அவர்களில் இருந்தனர்.

கல்கத்தாவில் ஒரு தடை

தோல்வி காரன்வாலிஸின் பதவி வாழ்வை முடக்கவில்லை. 1786-ல் கவர்னர் ஜெனரலாகக் கல்கத்தா வந்தார். பஞ்சத்தில் வாடிய பெற்றோரிடம் அற்ப விலைக்கு வாங்கப்பட்ட குழந்தைகளும், கடத்தப்பட்ட குழந்தைகளும் படகுகளில் கொண்டுவரப்பட்டு அந்நகரில் விற்கப்பட்டனர். பலர் கப்பலேற்றி வெளியிடங்களுக்கு அனுப்பப்பட்டனர். இவ்வணிகத்தில் ஐரோப்பியரும் உள்நாட்டவரும் ஈடுபட்டிருந்தனர்.

1789 ஜூலையில், வங்காளத்திலிருந்து மனிதர்களை அடிமைகளாக ஏற்றுமதி செய்வதைத் தடைசெய்து காரன்வாலிஸ் பிரகடனம் வெளியிட்டார். மீறுவோர் மீது வழக்குத் தொடரப்படும் என எச்சரித்தார். அடிமை வணிகத்துக்கு எதிராக வில்பர்போர்ஸ் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் முதன்முதலாக முழங்கியதும் அதே ஆண்டில்தான். அடுத்த ஆண்டு சென்னை மாகாணத்திலும் இத்தகைய தடை வந்தது.

ஆனால் உள்நாட்டு அடிமை முறை தொடப்படவில்லை. அதை ஒழிக்கும் திட்டம் தமது பரிசீலனையில் உள்ளதாக லண்டன் இயக்குநர்களுக்கு எழுதிய காரன்வாலிஸ், அடிமைகளின் எண்ணிக்கை அதிகம் என்பதையும், உரிமையாளர்களின் நலன் பாதிக்கப்படும் என்பதையும், மதச் சட்டங்கள் அம்முறையை ஏற்கின்றன என்பதையும் தடைகளாகச் சுட்டினார். அத்திட்டம் நிறைவேறவில்லை. கடல் வழி மூடப்பட்டது. வீட்டிலும் வயலிலும் அடிமைத்தனம் நீடித்தது.

பெங்களூரு முதல் மலபார் வரை

மூன்றாம் மைசூர்ப் போரில் திப்பு சுல்தானுக்கு எதிரான படைக்கு காரன்வாலிஸே தலைமை ஏற்றார். 1791 மார்ச் 7 அன்று பெங்களூரு பேட்டையும், இரு வாரங்களில் கோட்டையும் வீழ்ந்தன. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு தமது நாட்டின் பாதியை இழந்தார். 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தர ஒப்புக்கொண்டு, இரு மகன்களைப் பிணையாக அனுப்பினார்.

திண்டுக்கல், பாராமகால் ஆகியவற்றுடன் மலபாரும் கும்பினிக்குக் கிடைத்தது. மலபாரின் நெல் வயல்களில் செறுமர், புலையர் போன்ற சாதியினர் நிலத்துடனும் நிலமின்றியும் விற்கப்படும் அடிமைகளாக இருந்தனர். அந்த விளைச்சலிலிருந்தே கும்பினி வரி பெற்றது. 1790-களின் இறுதியில் அஞ்சரக்கண்டியில் கும்பினி தொடங்கிய தோட்டம் பின்னர் மர்டாக் பிரவுன் என்பவர் கைக்குச் சென்றது. திருவிதாங்கூரிலிருந்து கடத்திவரப்பட்டவர்கள் அங்கு அடிமைகளாக உழைத்ததை 1811-12-ல் தலச்சேரி நீதிபதி தாமஸ் பேபர் கண்டறிந்து பலரை மீட்டார். ஏற்றுமதித் தடை வந்து இருபது ஆண்டுகள் கடந்திருந்த காலம் அது.

இதற்கிடையே 1793-ல் வங்காளத்தில் நிலையான நிலவரித் திட்டத்தைக் காரன்வாலிஸ் நடைமுறைப்படுத்தினார். ஜமீன்தார்களின் நிலவுரிமை உறுதியானது. உழுதவர்களுக்கு அத்தகைய உறுதி கிடைக்கவில்லை. யார்க்டவுனில் படையின் தேவையும், கல்கத்தாவில் உடைமையாளர் நலனும் அவருக்கு முதன்மையாகத் தெரிந்தன. அடிமைகளின் விடுதலை இரண்டு இடங்களிலும் பின்னுக்குத் தள்ளப்பட்டது.

மறைவும் பின்விளைவும்

அயர்லாந்தில் பதவி வகித்தபின், 1805-ல் மீண்டும் கவர்னர் ஜெனரலாக இந்தியா வந்த காரன்வாலிஸ், சில மாதங்களில், அக்டோபர் 5 அன்று காஜிப்பூரில் காலமானார். அவரது கல்லறை அங்கு உள்ளது. சென்னை ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் உள்ள அவரது சிலையின் பீடத்தில், திப்புவின் மகன்கள் ஒப்படைக்கப்படும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. சென்னையின் செனடாப் சாலை, அவர் நினைவாக எழுப்பப்பட்ட மண்டபத்தால் பெயர் பெற்றது.

1807-ல் பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடைசெய்தது. 1833-ல் அடிமை முறையை ஒழித்த சட்டம், உரிமையாளர்களுக்கு இரண்டு கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது. விடுதலை பெற்றவர்களுக்கு எதுவும் தரவில்லை. கும்பினியின் இந்தியப் பகுதிகளுக்கு அச்சட்டத்திலிருந்து விலக்கும் அளிக்கப்பட்டது. காரன்வாலிஸ் பரிசீலிப்பதாகக் கூறி 54 ஆண்டுகள் கழித்து, 1843-ல் வந்த ஐந்தாம் சட்டமே இந்தியாவில் அடிமையுடைமைக்கான சட்ட ஏற்பை நீக்கியது.

கடனின் பெயரால் உழைப்பைக் கட்டிவைக்கும் வழக்கம் அதன் பின்னும் நீடித்ததால், சுதந்திர இந்தியா 1976-ல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தை இயற்றியது. தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் செங்கல் சூளைகளிலிருந்து தொழிலாளர்கள் மீட்கப்படுவது இச்சட்டத்தின் கீழ்தான்.