எழுத்தும் பொருளும்: வீரமாமுனிவர் காட்டும் வழி



நமது பள்ளிகொண்டாவின் பெயரைப் புதிதாய்க் கேட்பவர்கள், இங்கே ஏதோ பெரிய பள்ளிக்கூடம் இருந்திருக்கும் என்று எண்ணுவதுண்டு. பாலாற்றங்கரையிலுள்ள உத்தர ரங்கநாதர் கோயிலை அறிந்தவர்களுக்கோ உண்மை தெரியும். பள்ளி என்பது இங்கே துயிலைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். பள்ளிகொண்ட கோலத்திலுள்ள பெருமாளால் வந்த பெயர் இது. ஓர் ஊரின் பெயருக்கே மண்ணும் மரபும் தெரிந்தால்தான் பொருள் விளங்கும் என்றால், பல நூற்றாண்டுகளாகப் பலர் எழுதிய விவிலியத்தை எழுத்தை மட்டும் வைத்துப் புரிந்துகொள்ள முடியுமா?

சில ஆண்டுகளுக்கு முன் தோல் தொழிற்சாலையில் வேலை செய்யும் சகோதரி ஒருவர் நம்மைச் சந்தித்தார். நோயாளருக்காகச் செபிக்கும்படி யாக்கோபு திருமுகம் சொல்லும் பகுதியை யாரோ அவருக்குக் காட்டி, மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று சொல்லியிருந்தார்கள். அவர் சர்க்கரை நோய்க்கான மாத்திரையை நிறுத்திவிட்டார். காலில் வந்த புண் ஆறவில்லை. ஒரு விரலை இழந்த பிறகே மருத்துவமனைக்குத் திரும்பினார். மருத்துவரை மதிக்கச் சொல்லும் சீராக்கின் ஞான நூல் 38-ஆம் அதிகாரமும் அதே விவிலியத்தில்தான் இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அன்று நம் நினைவுக்கு வந்தவர் வீரமாமுனிவர்.

இத்தாலி நாட்டின் காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680 நவம்பர் 8-ஆம் நாள் பிறந்தவர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. 1698-இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1710-இல் கோவாவுக்கு வந்து, அடுத்த ஆண்டு தமிழகம் வந்தார். காவி உடுத்தி, புலால் தவிர்த்து, தமிழ்த் துறவியைப் போல வாழ்ந்தார். தைரியநாதர் என்று அறியப்பட்டவர், பின்னர் வீரமாமுனிவர் ஆனார். கோணான்குப்பத்துப் பெரியநாயகி மாதா, ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா திருத்தலங்கள் இன்றும் அவர் பெயரைச் சொல்லுகின்றன.

எழுத்தின் அருமையை அவரைப் போல் உணர்ந்தவர்கள் சிலரே. ஓலையில் புள்ளி இடாமல் எழுதும் வழக்கத்தால், எரி என்பதா ஏரி என்பதா என்று இடம் பார்த்தே படிக்க வேண்டியிருந்தது. குறிலும் நெடிலும் வேறுபட்டுத் தெரியும்படி அவர் எழுத்தைத் திருத்தினார். 1732-இல் சதுரகராதி தந்து சொல்லுக்குப் பொருள் தேட வழி செய்தார். ஒரு சிறு கோடு பொருளை மாற்றும் என்று அறிந்தவர், எழுத்தை அலட்சியம் செய்பவர் அல்லர்.

ஆனால் எழுத்தோடு நின்றுவிட்டவரும் அல்லர். அவருடைய பரமார்த்த குருவின் கதையை நாம் சிறுவயதில் கேட்டுச் சிரித்திருக்கிறோம். விழுவதையெல்லாம் எடுக்க வேண்டும் என்று குரு சொன்னதால், சீடர்கள் குதிரைச் சாணத்தையும் ஏந்தி வருகிறார்கள். அவர் எடுக்க வேண்டிய பொருள்களைப் பட்டியல் எழுதித் தருகிறார். பிறகு குருவே பள்ளத்தில் விழும்போது, பட்டியலில் உள்ள துணிமணிகளை எடுத்துக்கொண்டு அவரை அங்கேயே விட்டுவிடுகிறார்கள். அவர் பெயர் பட்டியலில் இல்லையே! சொல்லைக் காப்பாற்றினார்கள், சொன்னவரைக் கைவிட்டார்கள். விவிலியத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாமும் சில வேளைகளில் இதைத்தானே செய்கிறோம்?

1726-இல் அவர் பாடிய தேம்பாவணி இன்னொரு பாடம். நற்செய்தி நூல்களில் புனித யோசேப்பு ஒரு சொல்லும் பேசுவதில்லை. அவரைப் பற்றிய செய்திகளும் சிலவே. முனிவரோ அவருக்கு வளன் என்று பெயரிட்டு, 3,615 பாடல்களில் காப்பியம் படைத்தார். யூதேயா நாட்டைத் தமிழ் வயலும் ஆறும் சூழப் பாடினார். அதை யாரும் பொய் என்று தள்ளவில்லை. வரலாற்றுக்கு வரலாற்றின் உண்மை உண்டு, காப்பியத்துக்குக் காப்பியத்தின் உண்மை உண்டு என்று தமிழர் அறிவார்கள். விவிலியத்திலும் வரலாறு, பாடல், உவமை, காட்சி என்று பல வகை உண்டு.

வேதத்தைப் புரிந்துகொள்ளும் வழி பற்றித் தரங்கம்பாடி லுத்தரன் போதகர்களோடு அவர் கடுமையாக வாதிட்டதும் உண்மை. 1728-இல் எழுதிய வேத விளக்கம் அதற்குச் சான்று. அந்தக் கடுமை இன்று நமக்கு வேண்டாம். அந்தத் தரங்கம்பாடி அச்சகமே 1738-இல் அவருடைய கொடுந்தமிழ் இலக்கணத்தை அச்சிட்டது என்பதையும் மறக்க வேண்டாம். 1747 பிப்ரவரி 4-ஆம் நாள் கேரளத்தின் அம்பலக்காட்டில் அவர் இறைவனடி சேர்ந்தார்.

அப்படியானால் எல்லாமே உருவகமா? இல்லை. பாவம் செய்யும் கையை வெட்டச் சொன்ன ஆண்டவரின் சொல்லைக் கேட்டு நாம் கையை வெட்டுவதில்லை. ஆனால் தம் உடலை உணவாகத் தருவதாக அவர் சொன்னபோது, பலர் விலகிச் சென்றும் அவர் அச்சொல்லை மாற்றவில்லை. எனவே நற்கருணையை வெறும் அடையாளம் என்று திருச்சபை கருதுவதில்லை. எதை எப்படிக் கொள்வது என்பதைத் தனி ஒருவரின் விருப்பம் முடிவு செய்வதில்லை. எழுதியவரின் கருத்து, இலக்கிய வகை, முழு விவிலியம், திருச்சபையின் மரபு ஆகியவற்றைக் காண வேண்டும் என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இறை வெளிப்பாடு பற்றிய கொள்கை விளக்கத்தில் கற்பித்தது.

தோல் பதனிடும் நம் பகுதி மக்களுக்கு இதற்கு அருமையான சான்று உண்டு. யோப்பாவில் பேதுரு தங்கியது தோல் பதனிடும் சீமோனின் வீட்டில். அங்கே அவர் கண்ட காட்சியில், விலங்குகளைக் கொன்று உண்ணும்படி குரல் ஒலித்தது. எழுத்துப்படி அது உணவைப் பற்றியது. பேதுரு அதன் பொருள் என்னவென்று குழம்பி நின்றார். வாசலில் கொர்னேலியு அனுப்பிய பிற இனத்தார் வந்து நின்றபோது வழி திறந்தது. எந்த மனிதரையும் தீட்டுள்ளவர் என்று சொல்லக் கூடாது என்பதே அதன் பொருள் என்று உணர்ந்தார். தோல் வேலை செய்பவர்களைத் தள்ளிவைத்த சமூகத்தில் வாழும் நமக்கு இதைவிட நற்செய்தி வேறென்ன வேண்டும்?

அன்பார்ந்தவர்களே, ஒரு வசனத்துக்கு நாம் கொள்ளும் பொருள் அடுத்தவரைத் தூக்கிவிடுகிறதா, பள்ளத்தில் விட்டுச் செல்கிறதா? இந்த வாரம் விவிலியத்தைத் திறக்குமுன் இதைச் சிந்திப்போம். எழுத்தை மதிக்கும் பொறுமையையும், பொருளை உணரும் ஞானத்தையும் தூய ஆவியார் நமக்குத் தருவாராக. ஆமென்.