மகாகனம் ஸ்ரீநிவாஸ சாஸ்திரியார்

சிதம்பரத்து அண்ணாமலைச் சர்வகலாசாலையில் 1935 முதல் 1940 வரை துணைவேந்தராக விளங்கிய மகாகனம் வலங்கைமான் ஸ்ரீநிவாஸ சாஸ்திரியாரின் பெயரை நம் மாணவருட் பலர் கேள்வியுற்றிருப்பர். ஆங்கிலத்தில் வெள்ளி நாவினர் எனப் புகழ்பெற்றவர் என்ற அளவோடு அவ்வறிவு நின்றுவிடுவதே பெரும்பான்மை. தேசம் முழுவதும் வீதியில் இறங்கி நின்ற காலத்தில் அவர் வீதிக்கு வந்தாரல்லர். ஒருநாளேனும் சிறை புகுந்தாரல்லர். கொடி பிடித்து நடந்தவரையும் தடியடிபட்டவரையும் தியாகிகள் என்று போற்றும் நாம், நடக்க மறுத்தவரைக் கோழை என்று எண்ணிவிடுகின்றோம். சாஸ்திரியார் கோழையல்லர் என்பது எமது துணிபு. அவர் மறுத்தமைக்குக் காரணம் யாது, அக்காரணம் எவ்வளவு தூரம் நின்றது என்பவற்றையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

அவர் 1869-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில் ஒரு வைதிகப் புரோகிதரின் மகனாகப் பிறந்தார். வீட்டிலே வறுமை மிகுதி. கும்பகோணத்துக் கலாசாலையில் கற்றுப் பட்டம் பெற்றபின் மாயவரத்திலும் சேலத்திலும் உபாத்தியாயராக இருந்து, முடிவில் திருவல்லிக்கேணி இந்து உயர்தரப் பாடசாலையின் தலைமையாசிரியரானார். 1904-இல் திருவல்லிக்கேணிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தோருள் அவரும் ஒருவர். புரோகிதர் வீட்டில் பிறந்தும் சடங்குகளில் அவருக்குப் பற்று மிகுந்திருந்ததில்லை. பஞ்சாங்கத்தை விட்டுப் பாடப்புத்தகத்தை எடுத்த இச்சிறு மாற்றத்தில் அவருடைய பிற்காலம் முழுவதும் அடங்கியிருந்ததாக எமக்குத் தோன்றுகின்றது.

1905-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் கோபால கிருஷ்ண கோகலே பூனாவில் இந்திய ஊழியர் சங்கத்தை நிறுவினார். அதில் சேர்வோர் சொற்ப ஜீவனப்படி பெற்று, தமக்கெனப் பொருள் ஈட்டாமல், வாணாள் முழுவதையும் தேசத் தொண்டுக்கு ஒப்புவிப்பதாக விரதம் ஏற்கவேண்டும். துறவிக்குரிய வறுமை வேண்டும். துறவிக்குரிய காவியும் வேண்டா, துறவியின் காலில் விழும் கூட்டமும் வேண்டா என்பதே அச்சங்கத்தின் உட்கருத்து என நாம் கொள்கின்றோம். சட்டங்களைப் படித்தும், கணக்குகளை ஆராய்ந்தும், மன்றத்தில் வாதாடியும் பணிசெய்யும் சந்நியாசிகளையே கோகலே விரும்பினார். சாஸ்திரியார் தலைமையாசிரியப் பதவியைத் துறந்து 1907-இல் அச்சங்கத்திற் சேர்ந்தார். 1915-இல் கோகலே மறைந்தபின் அதன் தலைமை அவர்பால் வந்தது.

அதே ஆண்டில் ஒரு சம்பவம் நிகழ்ந்தது. தென்னாப்பிரிக்காவினின்றும் திரும்பிய காந்தியடிகள், கோகலேயைத் தம் அரசியற் குருவாக மதித்தவராதலின், அச்சங்கத்திற் சேர விரும்பினார். அங்கத்தினருக்குள் அபிப்பிராய பேதம் எழுந்தது. அவர் முறை வேறு, தம் முறை வேறு என்று பலர் அஞ்சினர். காந்தியடிகள் மனம் வருந்தாது தம் விண்ணப்பத்தை மீட்டுக்கொண்டார். இருவரும் ஒரே ஆண்டிற் பிறந்தவர்கள். சாஸ்திரியார் பத்தே நாள் மூத்தவர். வழி பிரிந்தும் அன்பு பிரியாத அந்நட்பு முப்பதாண்டுக்கு மேல் நீடித்தது.

1919-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ரௌலட் மசோதா சட்டசபைக்கு வந்தபோது, அதனை எதிர்த்துச் சாஸ்திரியார் செய்த பிரசங்கம் அச்சபையில் நிகழ்ந்த தலைசிறந்த பிரசங்கங்களுள் ஒன்றாக மதிக்கப்படுகின்றது. விசாரணையின்றி மனிதரைச் சிறைப்படுத்தும் அச்சட்டத்தை அவர் எள்ளளவும் ஆதரித்தாரல்லர். எனினும் அடுத்த மாதமே காந்தியடிகள் சத்தியாக்கிரகப் பிரதிக்கினையை வெளியிட, அதனைக் கண்டித்து மிதவாதத் தலைவர்கள் விடுத்த அறிக்கையில் தாமும் கையொப்பமிட்டார். சட்டம் தீயது, அதனைப் பொதுஜனத்திரள் மீறுவதும் தீயது, இவ்விரண்டையும் ஒரே மூச்சிற் கூறுவது எளிதன்று. சட்டத்தை மீறும் பழக்கம் ஜனங்களுக்கு ஒருமுறை ஏற்பட்டுவிடின், அது அந்நிய அரசோடு ஒழிந்துவிடாது, நாளைக்கு நமக்கு நாமே அமைக்கும் அரசையும் அது அலைக்கழிக்கும் என்பது அவர் கவலை.

ஏப்ரல் மாதம் அக்கவலைக்குக் கொடிய உரையெழுதிற்று. அமிர்தசரசில் தலைவர்கள் சிறைப்பட, கூட்டம் வெகுண்டு ஐரோப்பியர் சிலரைக் கொன்றது; 13-ஆம் நாள் ஜாலியன்வாலா பாக்கில் படை சுட்டு எண்ணற்றோரை வீழ்த்திற்று; காந்தியடிகள் தாமே 18-ஆம் நாள் இயக்கத்தை நிறுத்தினார். மூன்றாண்டுக்குப் பின் 1922 பிப்ரவரியில் சௌரி சௌராவிலும் கூட்டம் காவல்நிலையத்தைக் கொளுத்தி, இருபதுக்கு மேற்பட்ட காவலரை மாய்த்தது. அக்குற்றத்துக்காகப் பின்னர் 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். கூட்டத்தைக் கூட்டுதல் எளிது, கலைத்தல் அரிது என்று எச்சரித்தவர் பொய்யுரைத்தாரல்லர்.

அக்காலத்தில் வீதியோடு மதபீடமும் கலந்தது. அதனையும் மிதவாதிகள் அச்சத்தோடே நோக்கினர். 1919 மார்ச்சு 30-இல் தில்லியில் சிரத்தானந்த சுவாமிகள் துருப்புகளின் துப்பாக்கி முனைக்கு மார்பைக் காட்டி நின்றார். சில நாளில் ஜும்மா மசூதியிலே பேசும்படி அச்சந்நியாசியை முஸ்லிம்கள் அழைத்துச் சென்றனர். காவியுடுத்த இந்து ஒருவர் மசூதி மேடையில் நின்றது கண்டு நாடே புளகாங்கிதம் அடைந்தது. பிறகு யாது நேர்ந்தது? கிலாபத்தின் பொருட்டு மௌலானாக்கள் ஜனங்களைத் திரட்டினர். 1921-இல் மலையாளத்தில் மாப்பிள்ளைக் கலகம் மூண்டு, இரு சமயத்தாரும் சொல்லொணா இன்னல் எய்தினர். 1924-இல் துருக்கியரே கிலாபத்தை ஒழித்துவிட, அதற்காகத் திரண்ட கூட்டம் காரணமின்றி நின்றது. சிரத்தானந்தர் சுத்தி இயக்கத்தில் இறங்கி, 1926 டிசம்பர் 23-இல் மதப்பகையாற் சுட்டுக் கொல்லப்பட்டார். குருவின் சொல்லுக்கு எதிர்வாதம் இல்லை. அரசியலோ எதிர்வாதத்தினாலேயே நடப்பது. மடத்தில் வணங்கிப் பழகிய ஜனங்கள் மேடையிலும் வணங்கத் தொடங்கின், ஆராய்ந்து உடன்படுதல் என்பது அவர்களிடத்து அற்றுப்போம். புரோகிதர் மகனான சாஸ்திரியாருக்கு இது விளங்காதிருக்குமா?

இவ்வளவும் கூறியபின் மறுபுறத்தையும் கூறாதொழிதல் நீதியன்று. 1922-இல், காந்தியடிகள் சிறையிலிருந்த காலத்தில், சாஸ்திரியார் அரசாங்கத்தின் சார்பாக ஆஸ்திரேலியா, நியூஸிலந்து, கனடா ஆகிய நாடுகளிற் சுற்றி, ஆங்குள்ள இந்தியர்க்குச் சம உரிமை வேண்டிப் பேசினார். பிரபுக்கள் கைதட்டினர். மறு ஆண்டு கெனியா நாட்டு இந்தியர் வழக்கை எடுத்துக்கொண்டு இலண்டன் சென்றார். 1923 ஜூலையில் வெளியான முடிவு இந்தியர்க்குப் பொதுவான வாக்காளர் தொகுதியையும் மறுத்தது. மேட்டு நிலங்களையும் வெள்ளையருக்கே ஒதுக்கிற்று. ஏகாதிபத்தியத்தின் நியாய புத்தியை வாணாள் முழுவதும் நம்பி வாதாடியவருக்கு அது பேரிடி. விண்ணப்பிப்போனுக்குப் பதில் கூறக் கடமைப்படாத அரசனிடம் விண்ணப்பம் எவ்வளவு அழகியதாயினும் என்? இவ்வினாவுக்குச் சாஸ்திரியார் நிறைவான விடை கண்டதாக எமக்குத் தோன்றவில்லை.

நம் கடலூரே அவ்வினாவைக் கேட்ட ஊர். இங்குள்ள சிறையில் 1918-இல் பாரதியார் அடைபட்டிருந்தார்; பின் வந்த ஆண்டுகளில் சத்தியாக்கிரகிகளும் அடைபட்டனர். கடலூர் அஞ்சலையம்மாள் 1927-இல் சென்னை சென்று, 1857-ஆம் ஆண்டுக் கொடுமைகளுக்குப் பேர்போன நீல் துரையின் சிலையை அகற்றும் போராட்டத்திற் கலந்து, தம் சிறுமகளோடு சிறை சென்றார். சிலை உடனே அகலவில்லை. பத்தாண்டு கழித்து, 1937-இல், இராஜகோபாலாச்சாரியாரின் மந்திரிசபைக் காலத்தில், சுத்தியல் ஓச்சாமலே அஃது எடுக்கப்பட்டுக் காட்சிசாலைக்குச் சென்றது. அவ்வாண்டிலேயே அஞ்சலையம்மாளும் சட்டசபை உறுப்பினரானார். சட்டசபையினால் நடந்தது என்று சாஸ்திரியாரைச் சார்ந்தோர் கூறலாம். அச்சபைக்கு அம்மந்திரிகளை அனுப்பியது வீதியே என்று மற்றையோர் கூறலாம். இருவர் கூற்றும் மெய்யே.

சாஸ்திரியாரின் மேன்மை இவ்வழக்கில் வென்றமையில் இல்லை; எதிர்க்கட்சியாரும் அவரை நம்பியமையிலேயே உள்ளது. 1924 ஜனவரி 12-ஆம் நாள் இரவு பூனா ஸாஸூன் ஆஸ்பத்திரியில் கைதியாகிய காந்தியடிகளுக்குக் குடல்வால் சிகிச்சை செய்ய நேர்ந்தபோது, உடனிருக்க அழைக்கப்பட்டோருள் ஒருவர் தம் இயக்கத்தை ஓயாது எதிர்த்துவந்த சாஸ்திரியாரே. ஆங்கில வைத்தியர் தம்மை அறுப்பதற்குத் தாம் முழுமனத்தோடு இசைவதாகக் காந்தியடிகள் கையெழுத்திட்ட பத்திரத்தை எழுதியவரும் அவரே. சிகிச்சையில் யாதேனும் விபரீதம் நேர்ந்தால் வீதிகள் எவ்வாறு பொங்கும் என்பதை அவ்விருவரும் அறிந்திருந்தனர். 1931-இல் காந்தி-இர்வின் உடன்படிக்கை ஏற்படுதற்கு ஸாப்ரு, ஜயகர் ஆகியோரோடு இடைநின்று உழைத்தவரும் அவரே. 1927-இல் தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசாங்கத்தின் முதற் பிரதிநிதியாக அவர் சென்றதும் காந்தியடிகளின் விருப்பத்தாலேயே. குரு உடையைக் களைந்து இந்தியர்பொருட்டு உழைத்த ஆண்ட்ரூஸ் பாதிரியார் அந்நாட்டில் முன்னரே வழி சமைத்திருந்தார் என்பதையும் குறிப்பிடவேண்டும். டர்பனில் இந்தியச் சிறார்க்கென எழுந்த சாஸ்திரி கலாசாலை அவர் அங்கு விட்டுவந்த அடையாளம்.

சிதம்பரத்துக்கு வந்தபோது அவருக்கு வயது அறுபத்தாறு. உடல் தளர்ந்திருந்தது. அவ்வூரிலேயே அப்போது அவர் ஐயத்துக்கு ஒரு விதிவிலக்கு வாழ்ந்துகொண்டிருந்தது. சுவாமி சகஜாநந்தர் துறவுக்கோலம் பூண்டவர். 1916-இல் நந்தனார் கல்விக் கழகம் கண்டு ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளுக்குக் கல்வி தந்தவர். சட்டசபையிலும் பல்லாண்டு அங்கத்தினராயிருந்து 1959-இல் மறைந்தவர். காவியின் மதிப்பைக் கூட்டம் சேர்க்கச் செலவிடாமல் பள்ளிக்கூடம் கட்டச் செலவிட்டார். மதபீடத்தார் அரசியலுக்கு வருதல் ஆகாது என்று ஒரே சொல்லில் முடித்துவிட நம்மால் இயலாமைக்கு இவர் ஒருவரே போதும்.

துணைவேந்தராயிருக்கும்போதே, 1936-ஆம் ஆண்டு இறுதியில், மலேயாத் தோட்டங்களில் நம் தமிழ்க் கூலிகளின் நிலையை அறிந்துவர இந்திய அரசாங்கம் அவரை அனுப்பிற்று. மறு ஆண்டு அவர் தந்த அறிக்கை கங்காணி முறை ஒழியவேண்டும் என்றது. ஆயினும் அது மிக மிதமானது என்று அந்நாட்டு இந்தியருட் பலர் குறைகூறினர். 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர், படை வந்தது, சிலர் உயிரிழந்தனர். அவ்வேளை சாஸ்திரியார் பதவியினின்று நீங்கிச் சென்னையில் இருந்தார். 1944-இல் அந்நகரிலேயே வான்மீகி இராமாயணத்தைப் பற்றித் தொடர்ந்து பல சொற்பொழிவுகள் நிகழ்த்தினார்; இராமனைத் தெய்வமாக அன்றி மனிதனாக வைத்து ஆராய்ந்த அவற்றைக் கேட்கப் பெருங்கூட்டம் வந்தது. அவர் கூட்டிய கூட்டம் அதுவே.

1946 ஜனவரியில் காந்தியடிகள் இந்திப் பிரசார சபையின் வெள்ளிவிழாவுக்காகச் சென்னை வந்தார். செல்லுமிடமெல்லாம் ஜனசமுத்திரம். அதனிடையே, நோயுற்றுக் கிடந்த சாஸ்திரியாரை ஒருமுறைக்கு மேல் சென்று கண்டார். இருவருக்கும் அப்போது வயது எழுபத்தாறு. அவ்வாண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் சாஸ்திரியார் காலமானார்.