இரண்டு மாநில ஆளுநர், ஒரு நாட்டின் அதிபர்... கடைசியில் பதவி பறிப்பு! யார் இந்த சாம் ஹூஸ்டன்?

விண்வெளியில் இருக்கும் அமெரிக்க வீரர்கள் பூமியைத் தொடர்புகொள்ளும்போது ஹூஸ்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். நாசாவின் கட்டுப்பாட்டு மையம் டெக்சாஸ் மாநிலத்தின் அந்த நகரத்தில் இருப்பதுதான் காரணம். ஆனா, அந்த ஊருக்கே பெயர் கொடுத்த மனிதர் வாழ்ந்த வாழ்க்கை ஒரு சினிமாவுக்குக் குறைஞ்சது இல்ல.

வீட்டை விட்டு ஓடிய சிறுவன்

சாம் ஹூஸ்டன் 1793 மார்ச் 2-ம் தேதி வர்ஜீனியாவில் பிறந்தார். சின்ன வயசுலேயே அப்பா இறந்துவிட, குடும்பம் டென்னசிக்குக் குடிபெயர்ந்தது. பண்ணை வேலையும் கடை வேலையும் பிடிக்காமல் 16 வயதில் வீட்டை விட்டு ஓடிப்போய், செரோக்கி பழங்குடி மக்களோடு சுமார் 3 ஆண்டுகள் தங்கினார். அவர்கள் மொழியைக் கற்றுக்கொண்டார். அண்டங்காக்கை என்ற பொருளில் ஒரு பெயரும் அவருக்கு வைத்தார்கள்.

1813-ல் ராணுவத்தில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு, ஆண்ட்ரூ ஜாக்சன் தலைமையில் நடந்த ஹார்ஸ்ஷூ பெண்ட் போரில் தொடையில் அம்பும் தோளில் குண்டும் பாய்ந்தன. பிழைக்க மாட்டார் என்றே நினைத்தார்கள். பிழைத்தார். ஜாக்சனின் நம்பிக்கைக்கும் உரியவரானார்.

திருமணம் முறிந்தது, பதவியும் போனது

வழக்கறிஞர், நாடாளுமன்ற உறுப்பினர் என வளர்ந்து 1827-ல் டென்னசி ஆளுநரானார். இங்கே ஒரு விஷயம்: அமெரிக்காவில் ஆளுநரை மேலிருந்து யாரும் நியமிப்பதில்லை, மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம்ம ஊர் முதலமைச்சர் மாதிரியான பதவி அது.

1829 ஜனவரியில் எலிசா ஆலன் என்ற பெண்ணைத் திருமணம் செய்தார். மூன்று மாதத்துக்குள் மனைவி பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார். ஹூஸ்டன் பதவியை ராஜினாமா செய்தார். என்ன நடந்தது என்று இருவரும் கடைசிவரை வெளியே சொல்லவே இல்ல. அவர் மறுபடியும் செரோக்கி மக்களிடமே போனார். குடிக்கு அடிமையானார். அண்டங்காக்கை என்று பெயர் வைத்தவர்களே பெருங்குடிகாரர் என்று கூப்பிடும் நிலைமை வந்தது.

18 நிமிடப் போர்

1832 இறுதியில் டெக்சாஸ் போனார். அப்போது அது மெக்சிகோவின் ஒரு பகுதி. அங்கே குடியேறிய அமெரிக்கர்களுக்கும் மெக்சிகோ அரசுக்கும் அதிகாரம், அடிமைமுறை எனப் பல விஷயங்களில் மோதல் இருந்தது. 1835-ல் அது போராக வெடித்தது. 1836-ல் அலமோ கோட்டையைக் காத்து நின்ற சுமார் 200 பேரை மெக்சிகோ அதிபர் சாண்டா அன்னாவின் படை கொன்றது.

டெக்சாஸ் படைக்குத் தளபதியான ஹூஸ்டன் உடனே மோதவில்லை. வாரக்கணக்கில் பின்வாங்கிக்கொண்டே இருந்தார். பயந்துட்டார் என்று சொந்தப் படையிலேயே முணுமுணுத்தார்கள். ஏப்ரல் 21 பிற்பகல், சான் ஜசிண்டோவில் மெக்சிகோ படை ஓய்வில் இருந்த நேரம் பார்த்து சுமார் 900 பேருடன் பாய்ந்தார். 18 நிமிடத்தில் போர் முடிந்தது. மெக்சிகோ தரப்பில் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். டெக்சாஸ் தரப்பில் இறந்தவர்கள் 9 பேர்தான். ஹூஸ்டனின் கணுக்கால் குண்டடியில் நொறுங்கியது.

மறுநாள் சாண்டா அன்னா சிக்கினார். கொல்லணும் என்று வீரர்கள் துடித்தார்கள். ஹூஸ்டன் விடவில்லை. மற்ற மெக்சிகோ படைகள் வெளியேற அவரையே உத்தரவு போட வைத்தார். டெக்சாஸ் தனி நாடானது. ஹூஸ்டன் இரண்டு முறை அதன் அதிபரானார். அதே 1836-ல்தான் அவர் பெயரில் அந்த நகரமும் உருவானது.

எதிர்த்து நின்ற முதியவர்

1845-ல் டெக்சாஸ் அமெரிக்காவுடன் இணைந்தது. ஹூஸ்டன் செனட்டரானார். அவரே அடிமைகளை வைத்திருந்தவர்தான். அதை மறைக்க முடியாது. ஆனால் அடிமைமுறை புதிய பகுதிகளுக்குப் பரவ வழிவிட்ட 1854 கன்சாஸ்-நெப்ராஸ்கா சட்டத்தை எதிர்த்து வாக்களித்தார். தென் மாநில செனட்டர்களில் அப்படிச் செய்தவர்கள் இரண்டே பேர். அந்தக் கோபத்தில் 1857 ஆளுநர் தேர்தலில் மக்கள் அவரைத் தோற்கடித்தார்கள். 1859-ல் அவர்களே ஜெயிக்கவும் வைத்தார்கள்.

1860-ல் லிங்கன் வெற்றி பெற்றதும் தென் மாநிலங்கள் வரிசையாகப் பிரியத் தொடங்கின. பிரிந்தால் போர் வரும், தெற்கு அழியும் என்று ஹூஸ்டன் ஊர் ஊராகப் போய் எச்சரித்தார். யாரும் கேட்கல. 1861 பிப்ரவரியில் சுமார் 46,000 பேர் பிரிவினைக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். எதிர்த்தவர்கள் 15,000-க்கும் குறைவு.

மார்ச் 16-ம் தேதி, புதிய கூட்டமைப்புக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க அவர் பெயர் மூன்று முறை அழைக்கப்பட்டது. அவர் வரவில்லை. பதவி பறிக்கப்பட்டது. நாற்காலியைக் காப்பாற்ற படை அனுப்பத் தயார் என்று லிங்கன் தரப்பிலிருந்து வந்த உதவியையும் மறுத்துவிட்டார். தன் பதவிக்காக டெக்சாஸ் மண்ணில் ரத்தம் சிந்தக்கூடாது என்பதே காரணம்.

அவர் பயந்த போர் அவர் வீட்டுக்குள்ளேயே வந்தது. மூத்த மகன் தெற்குப் படையில் சேர்ந்து, 1862-ல் ஷைலோ போரில் காயமடைந்து பிடிபட்டார். பிறகு உயிரோடு வீடு திரும்பினார். 1863 ஜூலை 26-ம் தேதி, ஹன்ட்ஸ்வில்லில் 70 வயதில் ஹூஸ்டன் இறந்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் அவர் சொன்ன மாதிரியே தெற்கு தோற்றது. டெக்சாஸ் மறுபடியும் அமெரிக்காவோடு சேர்ந்தது. இரண்டு வெவ்வேறு மாநிலங்களில் மக்கள் ஓட்டில் ஆளுநரானவர் என்ற பெருமை அமெரிக்க வரலாற்றில் இன்றுவரை அவர் ஒருவருக்குத்தான்.