கோணல் விரல் கண் டாக்டர்

மதுரையில் ஒரு டாக்டர் இருந்தார். விரல்கள் எல்லாம் கோணல். பேனா பிடிப்பதே கஷ்டம். அந்த விரல்களால் ஒரு லட்சம் கண்களுக்கு மேல் ஆபரேஷன் செய்தார்!

அவர்தான் டாக்டர் கோ. வெங்கடசாமி.

1918-ம் ஆண்டு, எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். பிரசவ டாக்டர் ஆகவேண்டும் என்று ஆசை. 1944-ல் சென்னை ஸ்டான்லி கல்லூரியில் டாக்டராகத் தேறினார். பட்டாளத்தில் சேர்ந்தார். மூட்டுவாதம் வந்து படுக்கையில் தள்ளியது. விரல்கள் வளைந்தன. பிரசவம் பார்க்கும் ஆசை போயிற்று.

கண் வைத்தியம் படித்தார். கத்தி பிடிக்கப் பழகினார். 1956-ல் மதுரை அரசு ஆஸ்பத்திரிக்கு வந்தார். சுற்றுப்பட்டிக் கிராமங்களில் கண் முகாம் நடத்தினார். 1976-ல் ஓய்வு பெற்றதும் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார்.

முன்பெல்லாம் கண்ணில் புரை விழுந்தால், புரையை எடுத்துவிட்டுச் சோடாப்புட்டிக் கண்ணாடி கொடுப்பார்கள். வயல்வெளியில் அது உடைந்தால் மறுபடியும் இருட்டுதான். கண்ணுக்குள்ளேயே பிளாஸ்டிக் லென்சு வைக்கலாம் என்று 1949-ல் லண்டன் டாக்டர் ரிட்லி செய்து காட்டினார். ஆனால் வெளிநாட்டு லென்சு யானை விலை. ஏழைக் குடியானவன் எங்கே போவான்? 1992-ல் மதுரையிலேயே 'ஆரோலேப்' என்ற லென்சுத் தொழிற்சாலை உண்டாயிற்று. விலை பல மடங்கு இறங்கியது.

விலை குறைந்தால் போதுமா? கிருமிக்குப் பிளாஸ்டிக் மேல் கொள்ளைப் பிரியம்! நம் இமையில் சும்மா கிடக்கும் கிருமி, லென்சு உரசினால் அதில் ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குள் போய், கண்மாய்ப் படிக்கட்டில் பாசி பிடிப்பதுபோல வழவழவென்று ஒரு படலம் கட்டும். அதற்குள் பதுங்கிவிட்டால் மருந்து எளிதில் எட்டாது. சீழ் பிடித்துக் கண்ணே போகலாம்.

கத்தி, கத்திரியைப்போல நீராவியில் வேகவைத்தால் என்ன என்று கேட்பீர்கள். கிருமி சாகும். ஆனால் அந்தப் பிளாஸ்டிக்கும் இளகி உருமாறும். ஆகையால் எத்திலீன் ஆக்சைடு என்ற வாயுவை விட்டுக் கிருமியைக் கொல்கிறார்கள். சொரசொரப்பான இடம்தான் கிருமிக்கு வசதி. அதனால் லென்சைக் கீறல் இல்லாமல் மெருகேற்றுகிறார்கள். மேல்நாட்டில் ஹெபாரின் என்ற மருந்தை லென்சின் மேல் பூசிப் பார்த்தார்கள். ஒட்டிய கிருமிகள் குறைந்தன. மலிவுச் சரக்கு என்றால் சுத்தத்திலும் மலிவு என்று நினைப்பவர்கள் நம்மில் உண்டு. மதுரை லென்சு வெளிநாடுகளுக்கே கப்பலேறியது!

டாக்டர் 2006-ல் காலமானார். அதன் பிறகு, ஆபரேஷன் முடியும்போது கண்ணுக்குள் கொஞ்சம் கிருமிக்கொல்லி மருந்து செலுத்தும் வழக்கம் அவருடைய ஆஸ்பத்திரிகளில் வந்தது. 6 லட்சம் ஆபரேஷன்களுக்கு மேல் பார்த்து எடுத்த கணக்கு 2017-ல் வெளியாயிற்று. மருந்து செலுத்தாதபோது 10 ஆயிரம் பேரில் 7 பேருக்குக் கண்ணில் சீழ் பிடித்தது. செலுத்தியபோது 2 பேருக்குத்தான்.