கொல்லிமலையில் குதிரை ஏறிய பாட்டி

கொல்லிமலை என்றால் வல்வில் ஓரியைச் சொல்வார்கள். கொல்லிப்பாவையைச் சொல்வார்கள். அந்த மலையில் ஒரு பாட்டியின் கதையும் உண்டு. இடுப்பெலும்பு முறிந்த பிறகும் பல ஆண்டுகள் மலை மலையாக ஏறி இறங்கியவர் அவர்!

அவர் பெயர் ஈவ்லின். லண்டனில் வசதியான குடும்பத்தில் 1879-ம் ஆண்டு பிறந்தார். படம் வரைவதில் அவருக்கு ஆசை அதிகம். ஆனால் அதைவிடப் பெரிய ஆசை ஒன்று வந்தது. ஏசுநாதரின் ஊழியத்துக்காகக் கப்பல் ஏறித் தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டார்.

1913-ல் ஜெஸ்ஸி பிராண்டு என்ற பாதிரியாரை மணந்தார். கல்யாணம் ஆன கையோடு இருவரும் கொல்லிமலைக்குப் புறப்பட்டார்கள். இன்று 70 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறிப் போகிறது. அன்று ஏது ரோடு? ஒற்றையடிப் பாதைதான். கொட்டும் மழையில் மணப்பெண்ணை டோலியில் வைத்துத் தூக்கிப் போனார்கள்.

எடப்புளி நாடு, வாழவந்தி நாடு என்று அந்த மலையில் பல நாடுகள் உண்டு. நாடு என்றால் பல சிற்றூர்கள் சேர்ந்த பகுதி. பிராண்டு தம்பதிகள் வாழவந்தியில் வீடு கட்டிக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் நடத்தினார்கள். நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தார்கள்.

அங்கே மலேரியாக் காய்ச்சல் அதிகம். இன்னொன்று, நரம்புச் சிலந்தி. கெட்ட தண்ணீரைக் குடித்தால் இந்தப் புழு உடம்புக்குள் வளரும். காலில் கொப்புளம் போட்டு வெளியே தலை நீட்டும். அதை ஒரு குச்சியில் சுற்றிச் சுற்றி, நாள் கணக்கில் மெதுவாக இழுக்க வேண்டும். அறுந்தால் ஆபத்து!

முதலில் மலை மக்கள் அவர்களை நம்பவில்லை. ஒரு பூசாரி கடுமையாக எதிர்த்தார். முதல் உலகப் போரின் முடிவில் விஷக் காய்ச்சல் வந்தது. பூசாரியும் மனைவியும் படுத்துவிட்டார்கள். பிராண்டு தம்பதிகள் போய்ப் பணிவிடை செய்தார்கள். சாகும் நேரத்தில் பூசாரி தம் பெண் குழந்தையை அவர்கள் கையில் ஒப்படைத்தார். அதன் பிறகுதான் சனங்கள் நெருங்கி வந்தார்கள்.

1929-ல் பாதிரியாரும் காய்ச்சலில் இறந்துபோனார். அம்மையாருக்கு அப்போது ஐம்பது வயது. மகன் பாலும் மகளும் லண்டனில் படித்துக்கொண்டிருந்தார்கள். அவரும் அங்கே போய்த் தங்கியிருக்கலாம். தங்கவில்லை. திரும்பி வந்தார்.

எழுபதை நெருங்கியதும் சபையார் அவருக்கு ஓய்வு கொடுத்தார்கள். ஓய்வை வாங்கிக்கொண்டு, சொந்தப் பொறுப்பில் மறுபடி கொல்லிமலைக்கு ஏறிவிட்டார்! பச்சைமலை, கல்வராயன் மலை ஆகிய இடங்களுக்கும் போனார். கணவரோடு சேர்ந்து நினைத்த வேலை அது.

எழுபது கடந்த பிறகு ஒரு நாள் கீழே விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. உடனே வைத்தியம் இல்லை. கரடுமுரடான பாதையில் ஜீப்பில் வைத்து நெடுந்தூரம் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு அவரால் முன்போல் நடக்கவே முடியவில்லை.

மகன் பால் பிராண்டு அப்போது வேலூர் ஆஸ்பத்திரியில் பெயர் பெற்ற டாக்டர். தொழுநோயால் முடங்கிய விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தியவர். தாயாரை வந்து ஓய்வெடுக்கும்படி கெஞ்சினார். பாட்டி கேட்கவில்லை. மலையில் தம்மை விட்டால் யார் இருக்கிறார்கள் என்று திருப்பிக் கேட்டார். கடவுளுக்கு வேலை செய்யாத உடம்பைக் காப்பாற்றி என்ன பயன் என்பது அவர் கட்சி. பிடிவாதம்தான். அந்த மகன் எவ்வளவு கவலைப்பட்டிருப்பார்!

இரண்டு கைகளிலும் மூங்கில் கழிகள். அவற்றை ஊன்றி அடி அடியாக நடப்பார். தூரத்து ஊர் என்றால் குதிரை. பலமுறை குதிரையிலிருந்து விழுந்தும் இருக்கிறார். அவரைத் தூக்கி ஏற்றி, பிடித்து இறக்கியவர்கள் மலை மக்கள்தான். அவர்கள் இல்லாவிட்டால் அந்தக் குதிரையால் என்ன பயன்?

ஊருக்குள் போனதும் நோயாளிகளைப் பார்ப்பார். குழந்தைகளைக் கூட்டி வைத்து, தாம் வரைந்த படங்களைக் காட்டி ஏசுநாதர் கதை சொல்வார். தண்ணீரைச் சுத்தமாகக் குடிக்கச் சொல்லிக்கொடுப்பார். நரம்புச் சிலந்தி அந்த மலையை விட்டு நீங்கியதில் அவருக்குப் பங்கு உண்டு. முதுமையில் பல வருஷம் அவர் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே கிடையாது. பார்க்க அவருக்கு நேரம் ஏது?

1974 டிசம்பர் 18-ந்தேதி, 95-வது வயதில் பாட்டி காலமானார். உடலைக் கொல்லிமலைக்குக் கொண்டுவந்தார்கள். சவப்பெட்டி வேண்டாம் என்பது அவர் விருப்பம். வெறும் பருத்தித் துணியில் சுற்றி, கணவரின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.