செராம்பூர்த் தீ

வில்லியம் கேரியை வங்க உரைநடையின் முன்னோடிகளுள் ஒருவராகவே முதலில் அறிந்தேன். செருப்புத் தைத்துப் பிழைத்த அந்த ஆங்கிலேயர் 1793-இல் வங்கம் வந்தார். 1801 முதல் கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் வங்கமொழி கற்பித்தார். 1812 மார்ச் 11 மாலை, செராம்பூரிலிருந்த அவர்களது அச்சகம் தீப்பற்றியது. அகராதிக் கையெழுத்துப்படிகள், இலக்கண நூல்கள், பல மொழி அச்செழுத்துகள் எல்லாம் போயின. கல்கத்தாவிலிருந்து திரும்பிய கேரி சாம்பலைக் கண்டு கலங்கினார். ஆயினும், தம் உழைப்பை நம்பாமல் தன்னையே நோக்கும்படி இறைவன் தம்மைத் தாழ்த்தினார் என்று கொண்டார். உருகிக் கிடந்த ஈயத்தைத் தோண்டியெடுத்து மீண்டும் எழுத்து வார்த்தனர். அவரும் மீண்டும் எழுத உட்கார்ந்தார். கிறித்தவர் கூறும் ‘சிட்சை’ தண்டனையன்று, தந்தை தரும் பயிற்சி என்பது எனக்கு இங்குதான் விளங்கிற்று.

ஆனால் அவர் மனைவி டாரதி? கடல் கடக்க மனமின்றி வந்தவர். 1794-இல் ஐந்து வயது மகன் பீட்டரைப் பறிகொடுத்தார்; சித்தம் கலங்கியவர் 1807-இல் இறக்கும்வரை தெளியவேயில்லை. அவர் அலறுவது கேட்க, அடுத்த அறையில் கணவர் வேதத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். தீயைச் சிட்சை என ஏற்கக் கேரிக்கு உரிமையுண்டு. எரிந்தது அவர் உழைப்பு. டாரதி பட்டதற்கும் அதே பெயரைச் சூட்ட எனக்கு நா எழவில்லை.